வீட்டுக்கு வீடு ஆடுதல்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதமும் அதற்கு என் பதிலும் கீழே. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார், அதனால் போடவில்லை. கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அன்புள்ள அக்கா,

வணக்கம். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்து முடித்து எனக்கு மூன்று வருடமாகிறது. படிப்பு முடிந்த கையோடு நானும் இரண்டு சினேகிதிகளும் சேர்ந்து ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் துணியில் அச்சடிக்கத் தொடங்கினோம். மருதமுனைக் கைத்தறித் துணியை வாங்கி, அதில் கூத்து உருவங்கள், கூத்தர் தலையில் வைக்கும் முடி, அவர்கள் கட்டும் கரப்புடுப்பின் ஓரங்கள், வாவித் தோணி என்று நாங்களே வரைந்து ஸ்கிறீன் பிரிண்ட் செய்து சீலை, சால்வை, கைப்பை, தலையணை உறை என்று விற்கிறோம். பேஸ்புக், இன்ஸ்டகிராம் வழியாகத்தான் விற்பனை. பத்து ஓடர் வந்தால் எட்டு கொழும்பிலிருந்து வரும், மிச்சம் வெளிநாட்டில் இருக்கிற நம்மட ஆட்கள். மட்டக்களப்பிலிருந்து ஒன்று வந்தால் எங்களுக்கு அது விசேஷம்.

ஒரு நகரத்தின் முகத்தை அங்கே இருந்து தொழில் செய்யும் கலைஞர்கள்தான் செய்கிறார்கள் என்று நீங்கள் முன்பு எழுதியதை வாசித்துத்தான் நாங்கள் துணிந்தோம். இப்போது குழப்பமாக இருக்கிறது. பட்டதாரி நியமனத்தில் அரசாங்க வேலை வரும்வரைக்கும் செய், வந்ததும் விட்டுவிடு என்கிறார் அம்மா. நான் மதிக்கும் ஒரு விரிவுரையாளர் எங்கள் துணிகளைப் பார்த்துவிட்டு, கலையைக் கடைச் சாமான் ஆக்கிவிட்டீர்களே என்றார். ஒரு சினேகிதி, வாங்குகிறவர்கள் எல்லாரும் கொழும்பில் இருக்கும்போது நாம் ஏன் இங்கே இருக்க வேண்டும், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு அறை எடுப்போம் என்கிறாள். கடைசியாக ஒன்று. போன மாதம், கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரின் மகன் எங்கள் அறைக்கு வந்து சீலைகளைப் புரட்டிப் பார்த்தார். (கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. நாங்கள் வடமோடி முடியைத் தென்மோடி ராசாவுக்கு வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்.) போகும்போது, “எங்கட முடியைச் சீலையில அடிச்சு விக்கிறீங்க, எங்களுக்கு இதில என்ன இரிக்கி?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து புதிதாக ஒன்றும் வரையவில்லை. நாங்கள் செய்வது சரியா, அக்கா?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், விரிவுரையாளர் பேசுகிறார், சினேகிதி பேசுகிறாள், அண்ணாவியாரின் மகன் பேசுகிறார். அவரை நீங்கள் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அவரிலிருந்து தொடங்குகிறேன், மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேண்டிய பதில் அவர் கேட்ட கேள்விக்குள்தான் கிடக்கிறது.

அவர் உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்றைக் கேட்டு மனம் நொந்துபோனீர்கள், மற்றதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். எனக்கு அந்த அடைப்புக்குறிதான் பெரிதாகத் தெரிகிறது. கொழும்பிலிருந்து வந்த அத்தனை ஓடர்களில் ஒருவராவது முடி மாறிக் கிடக்கிறது என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், அவர்களுக்கு அது ஒரு வடிவான கோலம், பிடித்தது, வாங்கினார்கள், அவர்களில் பிழை இல்லை. பிழையைக் கண்டவர் இந்த ஊர்க்காரர். பஸ் ஏறியோ சைக்கிள் மிதித்தோ உங்கள் அறைவரைக்கும் வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பிழை இது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படிச் சொல்வதற்கு ஆள் இருக்கிற ஊரில் நீங்கள் தொழில் செய்கிறீர்கள்.

என் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் பிறந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அம்மாவின் தம்பி, என் மாமா, கூத்தாடுகிறவர். பெரும்போக வெள்ளாண்மை வெட்டி, நெல் வீட்டுக்கு வந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற காலத்தில்தான் ஊரில் கூத்துப் பேச்சு எழும். அண்ணாவியாருக்கு வெற்றிலை வைத்து அழைப்பார்கள். இன்னார் இன்ன பாத்திரம் என்று பிரித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்காக இரவில் பழக்கம். ஆட்டம் காலில் ஏறியதும் சதங்கை அணிகிற நாள், அதற்குப் பிறகு கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், எல்லாம் கடந்து அரங்கேற்றம். அன்றைக்கு விடிய விடிய வட்டக்களரியைச் சுற்றி ஊரே பாய் விரித்துக் கிடக்கும். இந்த ஒழுங்கு உங்களுக்குப் பாடமாகவே தெரிந்திருக்கும், அழகியற் கற்கையில் படித்தவர் நீங்கள்.

அரங்கேற்றத்துக்குப் பிறகும் ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு ஆடுதல். கூத்தர்கள் உடுப்போடு மத்தளத்தையும் தாளத்தையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். முற்றத்தில் கொஞ்ச நேரம் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தங்களால் முடிந்த காசைக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டு முற்றத்துக்கு மாமா கர்ணனாக வந்து நின்ற நாள் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவரை ராசா என்று நினைத்துக் கும்பிடுவதா, மாமா என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மம்மா வெற்றிலைத் தட்டில் காசை வைத்துக் கொடுத்துவிட்டு, “நல்லாத்தான் ஆடினாய் மனே, ஆனா அந்தக் கடைசி விருத்தத்த ஒள்ளுப்பம் விட்டுட்டாய், கொப்பன் இருந்தா விட்டிரிப்பாரா?” என்றா. காசு கொடுத்த கை தாழும் முன்பே குற்றமும் சொல்லியாயிற்று. மாமா ராசா வேஷத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கூத்துக்கு முதலாளி அந்த முற்றம்தான். மத்தளத்துக்கும் உடுப்புக்கும் லாம்புக்கும் அண்ணாவியாருக்கும் ஆன செலவு அங்கேதான் திரும்பி வந்தது. அதே முற்றத்தில்தான் ஆட்டமும் மதிப்பிடப்பட்டது. காசு கொடுக்கிறவருக்கு ஆட்டம் தெரியும், ஆடுகிறவருக்கு அவரைத் தெரியும், நாளைக்கு வயலில் முகம் பார்க்க வேண்டும். உங்கள் சீலைக்கு இப்போது இல்லாதது இந்த முற்றம் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களிடம் வந்த அந்த மகன் ஒரு முற்றத்துக்காரராகத்தான் வந்திருக்கிறார். பிழையைச் சொன்னார், பங்கு எங்கே என்றும் கேட்டார். இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம். அவருடைய அப்பாவுக்குக் காசு கிடைக்கிற ஒரு வேலையாக இது இருந்திருந்தால் அந்த முடி பிழையாகப் போயிருக்காது, ஸ்கிறீன் செய்வதற்கு முன்பே அவர் பார்த்திருப்பார்.

ஆகவே முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலையோடு போங்கள், கேக்கும் பிஸ்கட்டும் வேண்டாம். வரைந்த படங்களை விரித்து வைத்து எது வடமோடி, எது தென்மோடி, எந்தப் பாத்திரத்துக்கு எந்த முடி என்று கேளுங்கள். கரப்புடுப்பின் கனம் எவ்வளவு, அதைக் கட்டிக்கொண்டு சுற்றி ஆடும்போது எங்கே இழுக்கும், தென்மோடி உடுப்பு ஏன் இலேசாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். உங்கள் கை வரையும் கோடு அதற்குப் பிறகு மாறும், இதை நான் உறுதியாகச் சொல்வேன். கேட்ட நேரத்துக்குக் காசு கொடுங்கள். அதன் பிறகு, அவர் பார்த்துச் சரி சொன்ன ஒவ்வொரு வடிவத்திலும் விற்கிற சீலைக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு. எவ்வளவு என்பதை நீங்களும் அவர்களும் இருந்து பேசி முடிவெடுங்கள், நான் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் கணக்குக் கொப்பியில் நூலுக்கு ஒரு வரி, சாயத்துக்கு ஒரு வரி, வாடகைக்கு ஒரு வரி இருப்பதுபோல அதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அவருடைய பெயரும் ஊரும் சீலையில் தொங்குகிற அட்டையில் இருக்க வேண்டும். தறிக்காரருக்கும் அப்படித்தான். மருதமுனை என்று போட்டால் போதாது, நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் வர வேண்டும்.

இனி விரிவுரையாளர். அவர் மேல் உங்களுக்கு இருக்கிற மதிப்பைக் குறைக்க நான் எழுதவில்லை. கூத்தை விற்கலாமா, ஊருக்கு வெளியே கொண்டுபோகலாமா என்ற கேள்வி நம் ஊரில் அறுபது வருடமாகப் பேசப்படுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் கர்ணன் போரை மேடையேற்றியபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம்தான் மாணவர்கள் ஆட்டம் பழகினார்கள். 1964இல் இராவணேசன் வந்தது. இராவணனாக ஆடியவர் நம்மூர் மௌனகுரு, பிறகு பேராசிரியராகி நம் கூத்தைப் பற்றி ஆழமாக ஆராய்ந்து எழுதியவர். விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார்கள். கூத்து என்றாலே முகம் சுளித்த படித்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். ஊரில் ஆடுகிறவனிடமிருந்து எடுத்துச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுபோகும்போது அந்த ஊர்க்காரன் எங்கே நிற்கிறான்? மாற்ற வேண்டியதை ஊரிலேயே, கூத்தர்களோடு இருந்து, அவர்கள் பேசி முடிவெடுத்து மாற்றினால் என்ன? சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று அவர்கள் செய்த வேலை அப்படி வந்தது. இந்த இரண்டு பக்கமும் ஒருவரோடு ஒருவர் கடுமையாக வாதாடியிருக்கிறார்கள், நான் இரண்டு பக்கத்து மேடைகளிலும் முன்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

இரண்டு பக்கத்தாருமே தங்கள் வாழ்நாளை இதில் போட்டவர்கள். உங்கள் சீலைத் துணியில் இருப்பதும் அதே வாதம்தான். விற்பது குற்றமென்று நான் நினைக்கவில்லை. பெயர் இல்லாமல், பங்கு இல்லாமல், கேட்காமல் எடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடைச் சாமான் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பார்பரா சன்சோனி ஓவியர். வத்தளையில் ஒரு கன்னியர் மடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தறி வேலை கொடுத்திருந்தார்கள். அந்தத் துணிகளுக்கு வடிவம் சொல்லித் தரும்படி மடத்துத் தாயார் இவரைக் கூப்பிட்டார். அங்கே தொடங்கியது 1964இல் பெயார்புட் என்ற கடையாயிற்று. அவர் கோடுபோட்டு நெய்வித்த நிறங்களை இன்றைக்குக் கொழும்பில் சீலையிலும் திரையிலும் பிள்ளைகளின் பொம்மையிலும் பார்க்கலாம். இலங்கை நிறம் என்று வெளியார் மனதில் பதிந்திருக்கிற அந்த மஞ்சளும் ஊதாவும் ஒரு கடையிலிருந்து வந்தவை. அது கடைச் சாமான்தான். ஊர்ப்புறத்துப் பெண்கள் தறியில் இருந்து சம்பளம் வாங்குகிற கடைச் சாமான்.

இப்போது பாசிக்குடாப் பக்கம் போய்ப் பாருங்கள். சுற்றுலாக்காரருக்கென்று இருக்கிற கடைகளில் அம்பலாங்கொட முகமூடி தொங்கும், மரயானை நிற்கும். அம்பலாங்கொடக்காரர் தங்கள் ஊர்ச் சாமானைத் தங்கள் ஊர்ப் பெயரோடு நாடு முழுவதும் கொண்டுபோயிருக்கிறார்கள், அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்குப் பக்கத்தில் தொங்குவதற்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? பன் புல்லில் இழைத்த பாய் இருக்கிறதா? நம் தறிச் சாரம் இருக்கிறதா? வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். வந்தாரை வாழவைத்தோம், சரி. இங்கேயே இருந்து பாய் இழைத்தவளையும் மத்தளம் கட்டியவனையும்?

இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. சுனாமிக்கு அடுத்த வருடம், ஒரு நிறுவனத்தின் வேலைத்திட்டத்தில் நானும் இருந்தேன், எழுதிக் கொடுக்கிற வேலை. கடற்கரைப் பக்கத்தில் எல்லாம் இழந்த இருபது பெண்களுக்குப் பனையோலைப் பெட்டியும் வாழ்த்து அட்டையும் செய்யப் பழக்கினார்கள். தையல் மெஷின் கொடுத்தார்கள். வடிவங்களை வெளியிலிருந்து வந்த ஒருவர் வரைந்து கொடுத்தார். அந்தப் பெண்களின் கை நல்ல கை, நான் பார்த்தேன், இரண்டு கிழமையில் பிடித்துவிட்டார்கள். ஆனால் செய்து முடித்த பெட்டிகள் எல்லாம் அலுவலக அலுமாரிக்குள் போயின. யாராவது பெரியவர்கள் பார்வையிட வந்தால் ஆளுக்கொன்று பரிசாகக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அறிக்கையில் போட்டார்கள், அந்த அறிக்கையை எழுதியவள் நான். ஒரு பெட்டிக்கு என்ன விலை என்று ஒருநாளும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விலை சொல்ல அந்தப் பெண்களுக்கும் தெரிந்திருக்காது. திட்டம் முடிந்தது. கொஞ்ச நாளில் மெஷின்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டன. அந்த அம்மாக்களில் ஒருவரைப் பல வருடம் கழித்துச் சந்தையில் கண்டேன். “நம்மட பெட்டிய ஆரும் வாங்கலியே பிள்ள, வாங்கினாத்தானே மறுகா ஒண்டு செய்யலாம்” என்றா.

நீங்கள் மூன்று பேரும் உங்கள் சாமானுக்கு விலை போட்டு, அந்த விலைக்கு முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். அந்த இருபது பெண்களுக்குக் கிடைக்காதது அது. அதைக் குற்ற உணர்ச்சியோடு பார்க்காதீர்கள், தயவுசெய்து.

ஆனால் வாங்குகிறவர்களில் ஊர்க்காரர் இல்லை என்பதும் உண்மைதானே. ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? மட்டக்களப்பில் காசு இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு கலியாணத்துக்கு, ஒரு சாமத்திய வீட்டுக்கு நாம் என்ன செலவழிக்கிறோம் என்று பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். கூத்து முடி அச்சடித்த தலையணை உறை எங்கள் வீடுகளுக்குத் தேவையில்லை, அதுதான் விஷயம். கூத்தை முற்றத்தில் பார்த்தவருக்கு அதைத் தலையணையில் பார்க்க ஆசை வராது. ஊருக்குத் தேவையானது வேறு.

கூத்துக் குழுக்களுக்கு உடுப்பு வேண்டும். இதை நான் பல வருடமாகப் பலரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இப்போது பல ஊர்களில் வாடகைக்கு எடுக்கிறார்கள், பழசு, அளவு சரியில்லை, மினுங்கல் கடதாசி உரிந்து தொங்கும். பள்ளிக்கூடங்கள் தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்கும்போது பிள்ளைகளின் அளவுக்கு உடுப்பு இல்லாமல் ரீச்சர்மார் படும் பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். துணி தெரிந்த, நிறம் தெரிந்த, கைவேலை தெரிந்த மூன்று பேர் நீங்கள். உடுப்பும் முடியும் கட்டத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் சம்பளம் கொடுத்துப் பழகுங்கள். சீலை விற்ற காசில் முதல் ஒரு கூத்துக்கான உடுப்பைச் செய்யுங்கள், வாடகைக்கு விடுங்கள். அது ஆடும். விடிய விடிய ஆயிரம் பேர் பார்ப்பார்கள். ஆடிவிட்டுத் திரும்பி வரும்போது எங்கே கிழிந்தது, எங்கே கனத்தது என்று ஆடியவனே வந்து சொல்வான்.

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு ஒரு கடை போடுங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரைக்கும் அந்தப் பத்து நாளும் ஊர் முழுவதும் அங்கேதான். வளையலும் பிளாஸ்டிக் பொம்மையும் எங்கிருந்தோ வந்து விற்கின்றன, உள்ளூர்க் கை செய்தது எதுவென்று தேட வேண்டியிருக்கிறது. சீலையைக் கொண்டுபோகாதீர்கள், விலையைக் கேட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். பிள்ளைகள் கையில் பிடிக்கிற சாமான், லேஞ்சி, சின்னப் பை, கோயிலுக்குப் போகும்போது தோளில் போடுகிற துண்டு. இருநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கின தாய் அடுத்த வருடமும் உங்களைத் தேடுவா. இல்லையென்றால் ஏசுவா, சாயம் போயிற்று என்று. அதுவும் வேண்டும்.

முற்றத்தைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. அந்த முற்றத்துக்குள் யார் வரலாம், யார் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானித்ததும் காசு கொடுத்த அதே ஊர்தான். பறை அடிக்கிறவர்கள் கோயிலுக்கும் சாவுக்கும் வேண்டும், பக்கத்தில் கதிரை போட்டு இருக்க வேண்டாம். பத்து வயதில் நானும் ஆட வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன். பொம்பிளைப் பிள்ளை களரியில் ஏறக் கூடாது என்று சிரித்துக்கொண்டு சொன்னார், பெண் பாத்திரத்தை ஆம்பிளைகள் ஆடினார்கள். இன்றைக்குப் பெண்கள் ஆடுகிறார்கள், பறைக்கலைஞர்கள் மேடையில் மாலை வாங்குகிறார்கள், இது தானாக வரவில்லை, சிலர் இங்கேயே இருந்து வருடக்கணக்காகச் சண்டை பிடித்துக் கொண்டுவந்தது. ஓவியர் வாசுகி போன்றவர்கள் பெண்களின் பிரச்சினையைப் படமாகவும் பாட்டாகவும் தெருவில் கொண்டுவந்து வைத்ததை என் வயதுப் பெண்கள் மறக்க மாட்டோம். ஆகவே ஊர் சொல்வதையெல்லாம் கேட்டு நடக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் நீங்கள் பறையைச் சீலையில் வரைவீர்கள், கட்டாயம் வரைவீர்கள், அது அழகான வடிவம். அன்றைக்கு அந்தப் பறையை அடிக்கிறவரின் வீட்டுக்கும் இதே வெற்றிலையோடு போக வேண்டும், அவர்கள் தருகிற தேத்தண்ணியை அங்கே இருந்து குடிக்க வேண்டும். உங்கள் சொந்தக்காரர் நாலு பேர் அதற்கு முகம் திருப்புவார்கள். திருப்பட்டும்.

அம்மாவுக்கு வருகிறேன். அம்மா சொல்வதைக் குறைவாக நினைக்காதீர்கள், தங்கச்சி. நம் ஊர்க் கலையை இவ்வளவு காலமும் காப்பாற்றியது அரசாங்கச் சம்பளம்தான். எழுத்தாளர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மிச்சம் கிளார்க்குமார். மகுடம், செங்கதிர் என்று இங்கிருந்து வந்த சஞ்சிகைகளை நடத்தியவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்தினார்கள். நானும் சம்பளக்காரியாக இருந்துகொண்டுதான் எழுதினேன். என் முதல் புத்தகம் முந்நூறு பிரதி, வெளியீட்டு விழாவில் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு என்வலப்பில் காசு வைத்து வாங்கினார்கள், அச்சகக் கடன் அன்றைக்கே தீர்ந்தது. அந்த என்வலப்பை நான் எப்போதும் வீட்டுக்கு வீடு ஆடுதலின் பிள்ளையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் சம்பளத்தோடு எழுதியதில் நான் இழந்ததும் உண்டு. வேலை முடிந்து நாலு மணிக்குப் பிறகு, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, களைத்த கையால் எழுதியவைதான் என் புத்தகங்கள். முழு நாளும் ஒரு வேலையில் இருந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாமலே வயது போய்விட்டது. உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கு நியமனம் வந்தால் எடுக்கட்டும், மாதச் சம்பளம் ஒன்று உள்ளே வருவது அந்த அறைக்கும் நல்லது. மூன்று பேரும் எடுத்துவிட்டால் அறை பூட்டிவிடும். இதைத்தான் அம்மாவிடம் இருத்திப் பேசுங்கள், வருமானக் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள், அவவுக்குக் கணக்கு விளங்கும்.

சினேகிதி வெள்ளவத்தைக்குப் போக விரும்பினால் சண்டை பிடிக்காதீர்கள். அங்கே இருந்து விற்கட்டும், கண்காட்சிகளில் கடை போடட்டும், அவளும் உங்கள் ஆள்தான். தறி ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் மருதமுனையில் இருக்கிறது, அண்ணாவியார் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், பிழை சொல்கிற மகன் சைக்கிளில் வருவார். வரைகிற மேசை இங்கேதான் இருக்க வேண்டும். கொழும்பில் வாடகைக்குக் கொடுக்கிற காசில் இங்கே தையலுக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு ஊருக்கு வருவேன், முடிந்ததும் உங்கள் அறைக்கு வருகிறேன். அதற்குள் அந்த முடியைத் திருத்தி ஒரு சீலை அடித்து வையுங்கள். கர்ணன் வரைகிறதானால் வடமோடி உடுப்பில் வரையுங்கள், எங்கள் முற்றத்தில் அப்படித்தான் வந்து நின்றார். என்ன விலை போடுகிறீர்களோ அதைக் கொடுப்பேன், அக்கா என்று சொல்லிக் குறைக்க வேண்டாம். குற்றம் இருந்தால் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அன்புடன்,
அக்கா